ஆள் வேண்டாத புல்தரை

வீட்டுப் புல்தரைக்குத் தெளிப்புக் குழாய் பதித்தால் கிடைக்கும் நன்மைகள் மொத்தம் ஒன்பது. சின்னவனைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒன்பதையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பான். தண்ணீர் மிச்சம், நேரம் மிச்சம், மேடு பள்ளம் பார்க்காமல் எல்லாப் பக்கமும் ஒரே ஈரம், வெளியூர் போனாலும் புல் காயாது என்று போய்க்கொண்டே இருக்கும். கம்பெனியில் எல்லாரும்தான் இதை மனப்பாடம் செய்திருந்தார்கள். இவன் வாயிலிருந்து வரும்போது மட்டும் அதற்கு ஒரு களை வந்துவிடும். மூன்றாவது மாடியில் குடியிருக்கிற ஒருவர், ஒரு பிடி மண்கூட இல்லாதவர், அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அடுத்த பிறவியில கண்டிப்பா போடறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாராம்.

பதினான்கு வருஷம் பள்ளம் வெட்டிக் குழாய் பதித்தவன். இரண்டு மாதமாகத்தான் அவனைப் பேச அனுப்பினார்கள். சட்டைப் பையில் கம்பெனிப் பெயர் தைத்த சட்டை கொடுத்தார்கள். மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அது இவனுக்கா, இவனைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிற இன்னொருவனுக்கா என்று மேனேஜர் தராசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் இவன், இவன் மனைவி, அண்ணன். அண்ணன் பத்து வயது மூத்தவன். அப்பா போனபோது சின்னவனுக்கு ஏழு வயது. அண்ணன்தான் கிடைத்த வேலையெல்லாம் செய்து இவனைப் படிக்க வைத்து, குழாய் வேலை பழக அனுப்பி, கல்யாணமும் செய்து வைத்துவிட்டு, தான் மட்டும் ஒண்டிக்கட்டையாக நின்றுவிட்டான். முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வான். பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஏதோ ஒரு பெரிய வீட்டில் புல்தரைக்குத் தண்ணீர் விட்டு, புல் வெட்டி, களை எடுத்துக்கொண்டிருந்தான். அது எந்த வீடு என்று சின்னவன் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பான்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது மேனேஜர் கேட்டார்: "உங்க அண்ணன் என்னப்பா பண்றார்?"

"தோட்டக்கலையில இருக்கார் சார்."

"ஓ, ஆபீசரா?"

சின்னவன் டீயை ஊதினான். அவ்வளவுதான் செய்தான். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். இவனும் பொய் சொல்லவில்லையே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். அன்றிலிருந்து மேனேஜர் இவனிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார். ஒருமுறை, "உங்க அண்ணன்கிட்ட எந்தப் புல்லு நல்லதுன்னு கேட்டுச் சொல்லேன்" என்றுகூடக் கேட்டார். சின்னவன் வீட்டில் கேட்டு வந்து சொன்னான். அண்ணன் சொன்னது சரியாகவும் இருந்தது.

மழை ஏமாற்றிவிட்ட வருஷம் அது. காலை ஒன்பது மணிக்கே வானம் வெளுத்துக் கிடந்தது. அப்படி ஒரு காலையில் மேனேஜர் இவனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனார். "நல்ல இடம்பா. இது முடிஞ்சா உன் விஷயமும் முடிஞ்ச மாதிரி" என்றார் வழியில். ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கார் திரும்பியபோதுகூடச் சின்னவனுக்கு உறைக்கவில்லை. கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தபோதுதான் அது எந்த வீடு என்று தெரிந்தது.

கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, வெறுங்காலோடு அண்ணன் நின்றிருந்தான். கையில் ரப்பர் ஓஸ். கட்டைவிரலால் அதன் வாயை அமுக்கிப் பிடித்திருந்தான். தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து புல்லின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. தம்பியைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. வா என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டான்.

சின்னவன் முந்திக்கொண்டான். "ஏங்க, கொஞ்சம் தண்ணிய நிறுத்துங்க. சார் வர்றாங்க."

பிறந்ததிலிருந்து அண்ணனை நீ, வா, போ என்றே பேசி வளர்ந்தவன். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் மரியாதை கொடுத்தான். அண்ணனின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் சற்று நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு, "இதோங்க" என்று சொல்லிவிட்டு, குழாயை மூடப் போனான். மூட்டு வலி உள்ள கால். கொஞ்சம் இழுத்து நடந்தான். மேனேஜர் கவனிக்கவில்லை. சின்னவன் கவனித்தான்.

வீட்டுக்காரர் வெளியே வந்தார். கட்டடம் கட்டித் தருகிறவர், குரல் கொஞ்சம் பெரிசு. அவர் மனைவி வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்தம்மா அண்ணனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய வீட்டுப் பெண்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று சின்னவன் நினைத்துக்கொண்டான்.

பேச ஆரம்பித்தான். முதலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது நன்மைக்கு வரும்போது சூடு பிடித்துவிட்டது. கையைக் காட்டி, அடி வைத்து நடந்து, எங்கே எந்தத் தெளிப்பான் வரும், அது எப்படித் தரையிலிருந்து எழும்பி, சுற்றி, வேலை முடிந்ததும் திரும்பி உள்ளே போய்விடும் என்று விளக்கினான்.

"எல்லாம் சரிப்பா" என்றார் வீட்டுக்காரர். "இப்ப கையால விடறதுலயே நல்லாத்தானே இருக்கு? எதுக்கு நோண்டணும்?"

மேனேஜர் முகம் சுருங்கியது. சின்னவன் புல்தரையைத் திரும்பிப் பார்த்தான். உண்மையிலேயே அந்தப் புல்தரை அவ்வளவு நன்றாக இருந்தது. அத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒன்றை அவன் பார்த்ததில்லை.

ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தான். "இல்லைங்க ஐயா. அந்த மதில் ஓரம் பாருங்க, வெளுத்துத்தான் கிடக்கு. என் கைக்கு அங்க சரியா வர்றதில்லை. ஒரு நாள் அதிகமாப் போயிடுது, ஒரு நாள் கம்மியாப் போயிடுது. மிஷின்னா கணக்கா விடும்."

மதிலோரம் இரண்டு முழ அகலத்துக்குப் புல் வெளுத்திருந்தது மெய்தான். அதன் அடியில் வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் உடைசல் புதைந்திருக்கிறது, ஒரு விரல் கனத்துக்குத்தான் மண், அந்தப் பட்டையை உயிரோடு வைத்திருப்பதே பெரிய பாடு என்று அண்ணன் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். சோற்றில் கை வைத்தபடி சின்னவனும் அதைக் கேட்டிருக்கிறான். இப்போது அண்ணன் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றான். சின்னவன் அதையும் வாங்கிக்கொண்டான்.

"பாத்தீங்களா சார், அவரே சொல்றார்" என்றான்.

வீட்டுக்காரர் தாடையைத் தடவினார். "சரி. அப்ப இதைப் போட்டா, இவரு?"

ஒன்பதாவது நன்மை அதுதான். கடைசியாகச் சொல்ல வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார். சின்னவன் அண்ணன் இருந்த திசையைப் பார்க்காமல் சொன்னான்:

"ஆள் தேவையே இல்லைங்க. டைமர் பாத்துக்கும்."

சாயங்காலம் சமையலறையில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முட்டையை உடைத்து ஊற்றி வெங்காயத்தோடு வதக்கி வைத்திருந்தாள் மனைவி. அண்ணன் எப்போதும்போல ஒரு பங்கை எடுத்து, "எனக்கு இது ஜாஸ்திம்மா" என்று தம்பி தட்டில் ஒதுக்கினான்.

"இன்னைக்கு என்ன மாமா, பேச்சே காணோம்?" என்றாள் அவள்.

"வெயிலும்மா."

அவள் தட்டுகளைக் கழுவப் பின்கட்டுக்கு எழுந்து போனதும் சின்னவன் குரலைத் தணித்தான். "மேனேஜர் கூட இருந்தாருண்ணே. அந்த நேரத்துல..."

"தெரியும்டா."

"அவர்கிட்ட நான் வேற மாதிரி சொல்லி வச்சிருந்தேன்."

"பரவால்ல. நல்லா பேசுற. நான் இவ்வளவு நாள் கேட்டதே இல்ல, நீ பேசுறதை." அண்ணன் கையைக் கழுவித் துடைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ தொழில் விஷயம் விசாரிக்கிற மாதிரி கேட்டான்: "அந்த மிஷினு புல்லு வெட்டுமா?"

"வெட்டாது."

"களை எடுக்குமா?"

"அது எப்படி எடுக்கும்?"

"இலை விழுந்தா கூட்டுமா?"

சின்னவன் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தான்.

"அப்ப ஆள் வேணும்தானேடா" என்றான் அண்ணன். "தண்ணி விடத்தான் ஆள் வேண்டாம். அதை அங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ சொன்னா அவங்க கேப்பாங்க."

"நாளைக்குச் சொல்றேண்ணே."

"சொல்லு. அவசரம் ஒண்ணுமில்ல."

வேலை மூன்று நாள் நடந்தது. பள்ளம் வெட்ட இரண்டு ஆள் வந்தார்கள். புல்லைப் பாய் சுருட்டுகிற மாதிரி அறுத்துச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். அண்ணன் யாரும் கேட்காமலே அந்தச் சுருளுக்கெல்லாம் ஈரச் சாக்கு போட்டு மூடினான். எந்த இடத்தில் பழைய குழாய் ஓடுகிறது, எங்கே வேர் குறுக்கே வரும், எங்கே கடப்பாரையை இறக்கக்கூடாது என்று கைகாட்டினான். அவன் மட்டும் இல்லையென்றால் மூன்று நாள் வேலை ஐந்து நாள் ஆகியிருக்கும். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "இந்தாளு பரவால்லையே" என்றார். "ஆமா சார்" என்றான் சின்னவன். புல்லுக்கு ஆள் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தான். அதோடு சரி. மறுநாளும் சொல்லவில்லை. நாளைக்கு என்று ஒரு சொல் இருக்கிறதே, அது அவனுக்கு வெகு வசதியாக இருந்தது.

கடைசி நாள் அளவு பார்த்தார்கள். ஒரே அளவான காலி டின்களைப் புல்லின் மேல் வரிசையாக வைத்து, கால்மணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு டின்னிலும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்தால் வேலை சுத்தம். இருபத்திநாலு டின்களையும் அண்ணன்தான் குனிந்து குனிந்து வைத்தான்.

"ஏங்க, அந்தக் கடைசி டின்னைக் கொஞ்சம் மதில் பக்கம் தள்ளுங்க" என்றான் சின்னவன்.

"இங்கயா சார்?"

"ஆங், அங்கதான்."

தண்ணீர் எழும்பியது. வெயிலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் கைதட்டினார். அளந்து பார்த்தால் இருபத்திநாலு டின்னிலும் ஒரே மட்டம். மேனேஜர் சின்னவன் தோளில் தட்டினார். அந்தச் சந்தடியில் அண்ணன் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "மதில் ஓரத்துக்கு மட்டும் தனியா ரெண்டு தடவை, கொஞ்சம் கொஞ்சமா விடற மாதிரி வைடா. ஒரே தடவையா விட்டா அடியில செங்கல் உறிஞ்சிடும், வேருக்கு நிக்காது" என்றான். சின்னவன் தலையாட்டினான். ஆனால் தனியாக விட இன்னொரு வால்வு வேண்டும், மறுபடி தோண்ட வேண்டும், சுத்தமாக முடிந்த வேலையில் குறை இருக்கிறது என்று மேனேஜர் முன்னால் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தை வைத்து டைமரை மூடினான்.

அதற்கடுத்த வாரம் அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே வாரம் சின்னவனை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள்.

"மாமா ஏன் வேலைக்குப் போகல?" என்று மனைவி கேட்டாள்.

"மூட்டு வலிம்மா. நானே நின்னுக்கிட்டேன்" என்றான் அண்ணன்.

"நல்லதாப் போச்சு. இத்தனை வயசுக்கு மேல எதுக்கு வெயில்ல நிக்கணும்? உங்க தம்பிதான் இப்ப தலையெடுத்துட்டாரே. உங்களை உக்கார வச்சுச் சோறு போட மாட்டாரா?" என்று அவள் புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வை சின்னவனுக்கு முள்ளாகக் குத்தியது. எழுந்து போய் முகம் கழுவினான். அடிக்கடி முகம் கழுவுகிற பழக்கம் அப்போதுதான் அவனுக்கு வந்தது.

அண்ணன் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளில்லை. காலையில் எழுந்து எங்கேயாவது வேலை கேட்டுப் போவான். இந்த வயதில், இந்தக் காலோடு யார் கொடுப்பார்கள்? பதினொரு மணிக்குத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒன்றரை மாதம் கழித்து அந்த வீட்டிலிருந்து புகார் வந்தது. மதிலோரம் புல் செத்துவிட்டது. "நீயே போய்ப் பாத்துட்டு வந்துடு" என்றார் மேனேஜர். சின்னவன் தனியாகப் போனான். வழி நெடுகத் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனான். இன்றைக்குச் சொல்லிவிடுவது. அவர் என் அண்ணன், புல்லுக்கு ஆள் வேண்டும், நான் சொன்னது தப்பு, அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். இதற்கு என்ன பெரிய தைரியம் வேண்டும், நாலு வார்த்தைதானே.

வீட்டுக்காரர் இல்லை. அந்தம்மா மட்டும் வந்து நின்றாள். மதிலோரம் முழுக்கப் பழுப்பேறி, கையால் இழுத்தால் வேரோடு வருகிற மாதிரி கிடந்தது. மற்ற இடத்தில் புல் கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. நடுநடுவே களை.

"இது மிஷின் தப்பு இல்லம்மா, என் தப்பு" என்றான் சின்னவன். "இதுக்கு அடியில செங்கல் கிடக்கு. தனியா விடணும்னு எனக்குச் சொன்னாங்க. நான்தான் வைக்கல."

"யார் சொன்னாங்க?"

"இங்க வேலை பாத்தாரே, அவரு." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டான். "அவர் என் அண்ணன்மா. கூடப்பிறந்தவர்."

அந்தம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தெரியும்" என்றாள்.

சின்னவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அவர் சொல்லித்தானே உங்க கம்பெனிக்கே போன் பண்ணோம். என் தம்பி அங்கதான் இருக்கான், அவனுக்கு ஒரு நல்ல இடம் கிடைச்சா மேல வந்துடுவான்னு ரெண்டு மாசமா என் காதைத் தின்னார். என் கால் வேற இழுக்குது, தண்ணிய மிஷின் பாத்துக்கிட்டா மத்த வேலைய நான் பாத்துக்குவேன்னார். நீங்க வர்ற அன்னைக்குப் பாருங்க, துவைச்ச சட்டை போட்டுக்கிட்டு ஏழு மணிக்கே வந்துட்டார்."

சின்னவன் காலடியில் இருந்த புல்லைப் பார்த்தான்.

"நீங்க சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. சரி, ஏதோ சங்கடம்னு விட்டேன். அவரும் அப்புறம் எங்கிட்ட வந்து, நாங்க அண்ணன் தம்பின்னு காட்டிக்க வேண்டாம்மா, அவன் வேலைக்கு இடைஞ்சல்னு சொல்லிட்டார்."

"அம்மா, அவரைத் திரும்பக் கூப்பிடுங்க. புல்லு வெட்ட, களை எடுக்க ஆள் வேணும்மா. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு."

"ஆள் வேணும்னு எங்களுக்குத் தெரியாதா என்ன? அவரை நிறுத்தணும்னு எங்களுக்கு எண்ணமே இல்ல. நீங்கதான் ஆள் வேண்டாம்னீங்க. எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு ராத்திரி என்ன சொன்னார் தெரியுமா? கூடப்பிறந்தவனே வேண்டாம்னு சொல்றானே, அப்ப நமக்குத் தெரியாதது ஏதோ இருக்கும்னார். பதினோரு வருஷம் வீட்டுச் சாவி அவர்கிட்ட இருந்திருக்கு தம்பி. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு மனசு ஒப்பல." அவள் குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "நானும் கேக்கணும்னுதான் இருந்தேன். உண்மையைச் சொல்லுங்க. அவர்கிட்ட என்ன தப்பு?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "ஒரு தப்பும் இல்லம்மா" என்றான். அது அவன் காதுக்கே பொய் மாதிரி கேட்டது. இத்தனை நாள் பொய்யையெல்லாம் அத்தனை சரளமாகச் சொன்ன வாய்க்கு, ஒரு உண்மையைச் சொல்ல வரவில்லை.

"நேத்துதான் வேற ஆள் பாத்து வச்சோம்" என்றாள் அந்தம்மா. "நாளையிலிருந்து வர்றார். அவருக்கு டைமரை எப்படித் திருப்பணும்னு ஒருதடவை வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தம்பியின் கம்பெனிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். மேலே நிமிர்ந்து பார்த்தான்.

"அந்த மதில் ஓரம் செத்துடுச்சா?"

"ம்."

"அப்படியே விட்டுடாதே. கொத்தி, செங்கல்லை எடுத்துட்டு, நல்ல மண்ணு போட்டா வந்துடும்." பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைச் சட்டையிலேயே குத்தி நிறுத்தினான். "அந்தம்மா சொல்லிட்டாங்களா?"

"ம்."

"சொல்லாதீங்கன்னு சொல்லியிருந்தேனே." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். காதெல்லாம் சிவந்துவிட்டது. மாட்டிக்கொண்டவன் அவன்தான் என்பதுபோல. "என் தப்புடா. உன்னைக் கேக்காம நான் முன்னாடியே போய் உளறியிருக்கக் கூடாது. ஆபீசுல நீ வேற மாதிரி சொல்லி வச்சிருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்? உனக்கு நல்லது பண்றதா நினைச்சு உன்னைச் சங்கடத்துல மாட்டி விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதே."

சின்னவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியே அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். அதற்கும் வெட்கமாக இருந்தது. இதை இன்னும் ஒரு ஆளாவது தெரிந்துகொண்டு தன்னைக் காறித் துப்பினால் தேவலை என்று தோன்றியது. சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். "இங்க வா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அண்ணன் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "வேண்டாம்டா" என்றான் மெதுவாக. "அவ உன்மேல உசிரையே வச்சிருக்கா. உன்னைப் பத்தி நாலு பேர்கிட்ட பெருமையாப் பேசிக்கிட்டுத் திரியறா. அவளுக்கு இது தெரிய வேண்டாம்."

கையை உதறிவிட்டுச் சொல்லியிருக்கலாம். அண்ணன் அழுத்திக்கூடப் பிடிக்கவில்லை.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் வந்து நின்றாள். "என்னங்க, எதுக்குக் கூப்பிட்டீங்க?"

சின்னவன் அவளைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல" என்றான். "குடிக்கத் தண்ணி கொண்டா."